பூனைக்கு யார் சொல்வது

மாதம் நூற்று எழுபத்தெட்டு டாலர்;
பார்த்ததோ ஐஸ் ஹாக்கியும் வானிலையும்.

துலூத் பனியில் ஊர்ந்து போனேன்,
பக்கத்து இருக்கையில் கேபிள் பெட்டி.
சிக்னலில் தொட்டேன். இன்னும் சூடு.
"ஏன் விலகுகிறீர்கள்?" என்றாள் கவுண்டர் பெண்.
"கூட்டிப் பார்த்தேன்" என்றேன்.

வீட்டில் மார்னி
காகிதம்போன்ற ஆன்டெனாவைச்
சன்னலில் ஒட்டி, பிய்த்து, ஒட்டி,
"அசையாதே, அங்கேயே நில்!"
நான் நின்றால்தான் வந்தது படம்.

குன்றின்மேல் சிவப்பாய்க் கண்சிமிட்டும் கோபுரங்கள்
முப்பது வருடமாய் எங்களுக்கும் சேர்த்துத்தான்
சும்மா அனுப்பிக்கொண்டிருந்தனவாம்.

தொடர்களுக்கு இணையம், மகளின் கடவுச்சொல்.
பனிவாரும் வண்டி போகையில் மட்டும்
கோல்கீப்பர் கட்டம்கட்டமாய் உடைகிறான்.

ஊலாதான்,
பெட்டி இருந்த இடத்தில்,
தூசி படியாத செவ்வகத்தில்
சுருண்டு படுத்துப் பார்க்கிறது.
எழுந்து
என் முகத்தைப் பார்க்கிறது.