காரணம் என்ற கட்டம்

ஏட்டில் அதற்குப் பெயர் குவிமாடம்.
ஜெலுத்தோங்கில் நாங்கள் மூடி என்போம்.
மூடி வியர்க்கிறது, மூடியைத் துடைக்கிறார்கள்,
மூடிக்கு வெளியே இன்றும் புகைமூட்டமாம்.
கெடாவிலிருந்து வரும் மீன் லாரிக்காரர் சொன்னது.

எனக்கு மாநகர் மன்றத்தில் வேலை.
புகைப் பிரிவு, மூன்றாம் நிலை.
வீட்டுக்கு வாரம் இரண்டு கற்பூர வில்லை,
ஊதுபத்தி ஒன்பது.
காகிதப் பணம் எரிப்பது ஏழாம் மாதம் மட்டும், கூண்டுக்குள்.
சாத்தே கடைக்குத் தனி உரிமம்.
மற்றதற்கெல்லாம் என் இடுப்பில் ஒரு கருவி;
மூக்குதான், மன்னிக்கத் தெரியாத மூக்கு.

செவ்வாயும் வெள்ளியும் நாலு மணிக்கு மழை.
குர்னி பக்கம் இருபது நிமிடம்.
எங்களுக்குப் பன்னிரண்டு.
குழாய் பழசு, துருவும் சேர்ந்து விழும்,
அன்றைக்கு யாரும் பள்ளிச் சட்டை காயப்போடுவதில்லை.
காற்றுக் கட்டணம் மூன்று மாதம் நின்றால்
விசிறியைப் பாதி வேகத்துக்கு இறக்குவார்கள்.
அறுத்துவிட மாட்டார்கள்,
சட்டம் அப்படி.

நேற்று பதினோராம் புளோக், பதினேழாம் மாடி.
லிப்ட் ஓடவில்லை.
கதவைத் திறந்தவர் குணவதி.
கடல்நீர் ஆலையில் இரவு வேலை, கண் சிவந்திருந்தது.
"உங்கள் வீட்டிலிருந்து புகை" என்றேன்.
"உள்ளே வாங்க, பசியாறியாச்சா?" என்றார்.

கட்டிலடியில் பீங்கான் தட்டு.
தட்டில் பச்சைச் சுருள், பாதி சாம்பல்.
அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறேன்,
எரிந்து பார்த்ததில்லை.
"கொசு இல்லாத ஊரில் கொசுவர்த்தியா?"
சிரித்துக்கொண்டே படிவத்தை எடுத்தேன்.
அபராதம் முந்நூறு வெள்ளி.
அதற்குக் கீழே காரணம் என்று ஒரு கட்டம்,
இதுவரை யாரும் நிரப்பியதில்லை.

குணவதி வாதாடவில்லை.
தூங்கும் பையனின் கையைத் திருப்பினார்.
முழங்கைக்குக் கீழே மூன்று தடிப்பு,
சொறிந்து சொறிந்து ஒன்றாகிவிட்டிருந்தன.
"கிளினிக்கில் ஒவ்வாமை என்று போட்டுவிட்டார்கள்.
கொசு என்று போட அவர்கள் கணினியில் இடமில்லையாம்."

அப்போது என் காதோரம்
நூல் மாதிரி ஒரு சத்தம்.
முப்பத்தாறு வயதில் முதல் தடவை.
கை தானாக எழுந்து கன்னத்தில் அறைந்தது.
கைக்கு யார் சொல்லிக்கொடுத்தது?
உள்ளங்கையில் ஒரு கால், ஒரு சொட்டு ரத்தம்.
என்னுடையதா, பையனுடையதா?

கொசு வந்தால் ஓட்டை.
ஓட்டை என்று எழுதினால் புளோக்கைக் காலி செய்வார்கள்,
நானூறு குடும்பம், யாருடைய கூடத்தில் படுக்கும்?
எழுதாவிட்டால்
இன்று கொசு வந்த வழியில் நாளை புகை வரும்.

"எங்கே?" என்றேன்.
குளியலறை ஜன்னலுக்குப் பின்னால்,
மூடி மடிந்து சுவரோடு சேரும் இடத்தில்
விரல் நுழையாத கீறல்.
முகத்தை வைத்தேன். கருவி அலறியது.
அணைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

சேறு. டீசல். அழுகிய கடல்.
அதற்கும் அப்பால்
யாரோ மீன் பொரிக்கிறார்கள்.
மஞ்சள் கொஞ்சம் தூக்கல்.

அந்தக் கரையில் குடியிருப்பு இல்லை
என்கிற வரைபடம்
எங்கள் அலுவலகத்தில்தான் அச்சானது.

காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
கொசு. ஒன்று. செத்தது.
அடுத்த வார்த்தைக்குப் பேனா நின்றது.
குணவதி தேநீர் கலக்கிக் கொடுத்தார், குடித்தேன்.
லிப்ட் இன்னும் ஓடவில்லை.
யோசிக்கப் பதினேழு மாடி இருந்தது.