சாவா மூவாப் பேராடு

இரண்டு கடிதங்கள் வந்தன.
ஒன்று இங்கிலாந்திலிருந்து.
என் பெயரைத் தையல் என்றும் நாயகி என்றும் உடைத்து
நாயகியைக் குடும்பப் பெயராக்கி வாழ்த்தியிருந்தது.
ஓராண்டு. முப்பத்தெட்டு லட்சம். விமானம் தனி.
இன்னொன்று வடோதராவிலிருந்து. வாழ்த்து இல்லை.
இரண்டாண்டு. விடுதி, சாப்பாடு, ரயில்
எல்லாம் கூட்டினால் இரண்டு லட்சத்து அறுபதாயிரம்
(என் கணக்கு, பென்சிலில்).

அப்பா கொள்முதல் நிலையத்தில் மூட்டை எண்ணுகிறவர்.
முப்பத்தெட்டு லட்சத்தை நெல்லாக்கிப் பார்த்தார்.
"மூவாயிரத்து எண்ணூறு மூட்டை.
மழை வந்தா மூடத் தார்ப்பாய் கிடைக்காது."
அதோடு இங்கிலாந்து முடிந்தது.

முடிந்தது என்று எழுதுவது எளிது.
அந்தக் கடிதத்தை இன்னும் அழிக்கவில்லை.

பாபநாசத்து வங்கியில் குறுவைக் கடனுக்குக் கூட்டம்.
எல்லார் கையிலும் சிட்டா, அடங்கல்.
என் முறை வந்ததும் அதிகாரி திரையில் தேடினார்:
பொறியியல், மருத்துவம், நர்சிங், மேலாண்மை.
கலை வரலாறு இல்லை.
"மற்றவையில போட்டுக்கலாமா?"
போட்டுக்கொள்ளலாம் என்றேன்.
படித்து முடித்தால் என்ன வருமானம் என்று ஒரு கட்டம்.
பக்கத்து நாற்காலிக்காரர்
ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.
மேட்டூர் இன்னும் திறக்கவில்லை.
நானும் கூசாமல் ஓர் எண்ணைச் சொன்னேன்.

ஏன் இந்தப் படிப்பு என்றும் ஒரு கட்டம்,
இருநூறு எழுத்துக்குள்.

குடமுருட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னக் கற்றளி.
அடிப்பட்டியில் ஒரு வரி:
நந்தா விளக்கு ஒன்றுக்கு வைத்த
சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு.
சாகாது, கிழடாகாது.
செத்தது போகக் குட்டி ஈடு கட்டும்.
தொகை குறையவே குறையாது.
மேய்க்கிறவன் அளக்க வேண்டியது
நாளொன்றுக்கு உழக்கு நெய், அவனுக்குப் பின் அவன் மகன்,
சந்திராதித்தர் உள்ளவரை.
விளக்கு வைத்தவள் ஓர் அரசி. அவள் பெயர் முழுதாக இருக்கிறது.
மேய்த்தவன் பெயர் "இடையன்" என்று தொடங்கி
மூன்றாம் எழுத்தில்
சிமெண்டுத் தளத்துக்குள் போய்விடுகிறது.
யாரோ உபயம் செய்த தளம். வழுக்காது, நல்ல தளம்.

இதை இருநூறு எழுத்தில் எழுத வரவில்லை.
"ஆராய்ச்சி ஆர்வம்" என்று எழுதினேன்.

அம்மா சத்துணவுக் கூடத்துச் சீட்டில் இருக்கிறாள்.
இரண்டு லட்சம். பதினோராம் மாத ஏலம்.
அறுபத்தோராயிரம் தள்ளிக் கேட்டாள்.
கரண்டி விழுந்ததுபோல் ஒரு நிசப்தம்.
"பொண்ணுக்குக் கல்யாணமா?" என்றார் சமையலர் ரெஜினா.
அம்மா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.
பணத்தை இரண்டு முறை எண்ணினாள்,
இரண்டாம் முறை எச்சில் தொடாமல்.

மீதிக்குத்தான் கடன்.
"படிக்கிற வரைக்கும் தவணை கிடையாது,
வட்டி மட்டும் ஓடும்" என்றார் அதிகாரி.
எனக்கு "மேயும்" என்று கேட்டது.
சூரிய சந்திரர்வரை இல்லை, எண்பத்து நான்கு மாதம்.
அப்பா மூட்டைச் சீட்டில் போடும் அதே கிறுக்கலைப் போட்டு
மூடியில்லாத பேனாவை என்னிடம் தள்ளினார்.

பதினோரு இடத்தில் கையெழுத்து.
பதினோராவதில், கல்வெட்டில் சாட்சிகள் ஒப்பமிடுவதுபோல்,
எழுதிவிட்டேன்:
இவை தையல்நாயகி எழுத்து.

அதிகாரி கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"பேரு மட்டும் போதும்மா" என்றார்.