மணலி, காசிமேடு

சுருதிப்பெட்டி வேண்டாம் என்றாள் யூனிஸ்.
பக்கத்து யார்டில் நாற்பது குளிர்ப்பெட்டிகள்
இறாலைச் சுமந்தபடி இரவெல்லாம் முனகுகின்றன,
அது போதும்.
எனக்கு அந்த முனகல் பழக்கம்.
பகலில் அவற்றுக்கு கம்ப்ரஸர் மாற்றுகிறவன் நான்.
பழுதானது அரைச் சுருதி இறங்கிப் பாடும்.
நல்லதாக ஒன்றைத் தேடி
என் டபுள் பாஸை அதோடு சேர்த்துக்கொள்வேன்.

தீட்சிதர் இந்த மணலியில் இருந்தவர்.
இங்கிருந்து கோட்டைக்குப் போய்
வெள்ளைக்காரன் பேண்டு கேட்டார் என்பார்கள்.
கேட்ட மெட்டுக்கு சமஸ்கிருதம் உடுத்தி
வீட்டுக்குக் கூட்டி வந்தாராம்.
"அப்போ இது கடன்தானே" என்றான் தஸ்தகீர்,
கீபோர்டின் தூசியை லுங்கியால் துடைத்து.
"வட்டியும் முதலுமா வசூல் பண்ணிடுவோம்."

ரூபகத்தில் இருந்ததை ஏழுக்கு மாற்றினாள் யூனிஸ்.
தேசப்பனுக்கு ஏழு வரவில்லை.
கல்யாண வரவேற்பு, சர்ச், கட்சி மாநாடு
எல்லாமே நாலு.
அவன் கால் நாலில்தான் நடக்கும்.
விரலில் காட்டினாள். தகிட தகதிமி என்று
தஸ்தகீர் தொண்டை வறளச் சொன்னான்.
மூன்று வாரம்.
பிறகொரு நாள், வந்த வழியையே முணுமுணுத்துக்கொண்டு
டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தான்:
மணலி காசிமேடு, மணலி காசிமேடு.
பிரஷ் தோலைத் தேய்த்தது.
ஏழு வந்து நின்றது,
வராது என்று விட்ட பஸ் வந்ததுபோல்.

சிக்கல் வேறு இடத்தில்.
காசிக்குப் போனவர் வடக்கிலிருந்து கொண்டுவந்த த்விஜாவந்தி.
நாற்பதடி டிரெய்லர் சந்தில் திரும்புகிற நிதானம் அதற்கு.
கீழுதட்டைத் தளர்த்தி
காந்தாரத்தை ரிஷபம்வரை இறக்கப் பார்த்தாள்.
அது பாதியில் நின்று திரும்பிப் பார்த்தது.
"வீணையில் கம்பியை இழுக்கலாம்.
இதில் என்னத்தை இழுக்க, மூச்சைத்தான்."

அப்புறம் அவர் பெயர்.
கடைசியில் வைத்திருக்கிறார், குருகுஹ,
நாலு எழுத்து.
சாக்ஸபோனுக்கு எழுத்து ஏது?
ஊதினால் வெறும் நாலு ஸ்வரம்,
யார் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம்.
பாதி ராத்திரி இதற்கே சண்டை.
டீ ஆறியது. கொசுவர்த்தி தீர்ந்தது.
யூனிஸ் அந்த இடத்தை ஊதாமல் விட்டாள்.
தேசப்பனும் கையெடுத்தான்.
மணலி மட்டும் ஒலித்தது, காசிமேடு மௌனம்.
யார்டின் முனகல் உள்ளே வந்து உட்கார்ந்தது.

ஞாயிறு மாலை, சமூக நலக் கூடம்.
ஜன்னலில் எண்ணெய் ஆலையின் தீநாக்கு.
பதினேழு பேர், அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
வேகம் இரட்டிக்கும் இடத்தில்
தேசப்பன் கயிறறுத்து ஓடினான்,
பின்னாலேயே நான்.
யூனிஸ் மெட்டை விட்டு வெளியே போனாள்.
ராகத்தில் இல்லாத ஒரு ஸ்வரத்தை
செருப்பைக் கழற்றாமலே உள்ளே அழைத்து வந்தாள்.
முன்வரிசையில் தாளம் போட்டவரின் கை
தொடைமேல் அப்படியே நின்றது.
கொஞ்சம் பொறுத்து மறுபடி விழுந்தது,
தப்பான இடத்தில், தைரியமாக.

மூட்டை கட்டும்போது
உரக் கம்பெனி செக்யூரிட்டி ஒருவர்
தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.
"நல்லா இருந்துச்சுங்க.
பாடறவர் வரலீங்களா?
நாலஞ்சு வாட்டி அவருக்கு இடம் விட்டீங்களே."
யூனிஸ் ரீடைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.
"டிராஃபிக்ல மாட்டிக்கிட்டாரு சார்" என்றான் தேசப்பன்.
அவர் தலையாட்டினார். இந்த ரோட்டில் அது நடக்கக்கூடியதுதான்.

குட்டியானையில் ஏறி அரை கிலோமீட்டர்,
கன்டெய்னர் வரிசை. டிரைவர் எஞ்சினை அணைத்தார்.
பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே
என் பாஸும் தேசப்பனும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்க,
தூக்கத்தில் அவன் கால் தகரத்தைத் தட்டியது.
எண்ணிப் பார்த்தேன்.
நாலு.