புள்ளி மூன்று ஏழு ஆலா

கடியப்பட்டணத்தில் வாடகை அறை.
மேசை விசிறி என் பக்கம் திரும்பும்போதெல்லாம்
கணக்குத்தாள் ஒருமுறை எழுந்து உட்காரும்.

முதல் வரி ஆலா. இரண்டாம் வரி எலி.
மூன்றாவது பூனை.
எது எதை என்ன வேகத்தில் தின்னும் என்பதற்கு
ஆளுக்கொரு கிரேக்க எழுத்து.

எலி வந்தது,
தூண்டில் வளைவுக்குக் கல் ஏற்றிய பார்ஜ்
பாறையில் தட்டி நின்ற இரவில்.
பூனை வந்தது,
எலியைப் பிடிக்கட்டும் என்று யாரோ
சாக்கில் கட்டிக் கொண்டுவிட்டு.
ஆலா வந்த தேதி எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

பூனையை எடுத்தால் போதும் என்கிறது வனத்துறை:
ஒரு கூண்டு, கொஞ்சம் கருவாடு, ஒரு புகைப்படம்.
நானும் எடுத்துப் பார்த்தேன், திரையில் மட்டும்.
பதினெட்டு மாதம் நீலக்கோடு ஏறியது.
பிறகு கிளம்பியது பாருங்கள் எலிக்கோடு,
ஆடிக்கடல் மாதிரி, தாளின் விளிம்பைத் தாண்டி.
நீலம் படுத்துவிட்டது.
தரையோடு தரையாகக் கிடந்து, தின்ன ஏதுமற்று எலி சரிந்தபின்
எட்டாம் வருடம்
மெல்லத் தலைதூக்கியது.

பிழைத்துக்கொண்டது, என்றேன்.

டீசல் காசு வாங்க வந்த ததேயு
அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தார்.
"இந்த எடத்துல எத்தன எண்ணம் உண்டு?"
அம்புக்குறியை நகர்த்திப் படித்தேன்.
புள்ளி மூன்று ஏழு.
"ஆயிரத்திலயா?"
"இல்ல. ஒண்ணுல."
அவர் சிரிக்கவில்லை.
"அது செறகா, காலா, டீச்சர்?
எந்தத் துண்டு போய் முட்ட இட்டது?"

அன்றிரவு ஒரு வரி சேர்த்தேன்:
இரண்டுக்குக் கீழே இறங்கினால் பூஜ்யம்.
நீலம் இறங்கியது. அவ்வளவுதான்.
விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

எலி முதலில், பூனை பின்னால்.
பூனை முதலில். இரண்டும் ஒரே மாதத்தில்.
கருத்தரித்த ஒரே ஒரு எலி மட்டும் தப்பினால்.
விடியும்வரை ஆயிரம் பாறைகளை ஓட்டினேன்.
எலியில் தொடங்கியவற்றில்
அறுநூற்றுப் பன்னிரண்டில் ஆலா மிஞ்சியது.
மீதியை அறிக்கையின் அடிக்குறிப்பில்
சின்ன எழுத்தில் வைத்தேன்.

புரட்டாசியில் கடல் கொஞ்சம் இறங்கிக் கொடுத்தது.
வள்ளத்தில் எலிப்பொறிகள், நாற்பது, தார்ப்பாயின் கீழே.
பாதி வழியில், சுக்கானைப் பார்த்தபடி ததேயு சொன்னார்:
"அந்தச் சாக்கு எனக்க சாக்காக்கும்.
ரெண்டு குட்டி. வலைய எலி கடிச்சுப் போட்ட வருசம்."
நான் உயிர்க்கவசத்தின் நாடாவை
அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

பாறைக்கு நூறு அடி இருக்கையில் எஞ்சினை அணைத்தார்.
எல்லாம் ஒரேயடியாக எழும்பின.
முழு முழுப் பறவைகள்.
முப்பத்தொன்று வரை வந்து தவறவிட்டேன்.
"முதல்லேருந்து," என்றார்.
ஒன்று.