உப்புக்கும் ஒரு ரிப்பன்

கடையில் என் விரலுக்கு வேகம் அதிகம்.
நிமிடத்துக்கு இரண்டு டப்பா.
பாதாம் போட்டது, அத்திப்பழம் போட்டது,
எதுவும் போடாத கறுப்பு.
தங்கத்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி,
அதன் வாலைக் கத்தரி முதுகில் ஓர் இழுப்பு:
சௌசௌக் கொடி நுனி மாதிரி சுருண்டு நிற்கும்.

டிசம்பர் இருபது தொட்டு
மூஞ்சிக்கல் முழுக்க வேன்கள்.
மலையேறி வந்தவர்கள் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு
“குழந்தைக்கு ஏதாவது” என்கிறார்கள்.
எல்லார் குழந்தைக்கும்
என்னிடம் ஏதாவது இருக்கிறது.

என்னுடையவை இரண்டும் அரையாண்டு லீவில்.
இவாஞ்சலினுக்கு எட்டு, ஏபெலுக்கு நாலரை.
ஒரு கிண்ணம் மைதாப் பசை,
மழுங்கின கத்தரி,
சுவருக்கு அந்தப் பக்கம் லூர்துமேரி அக்காவின் ஒரு காது.
இவற்றை நம்பி விட்டுவிட்டுப் போகிறேன்.

முதல் நாள் நட்சத்திரம்.
ஐந்து வாட்டில் குச்சி,
அவர் லாரியிலிருந்து கொண்டுவந்த கேரட் மூட்டை நூல்.
ஒரு முனை மட்டும் ஏகத்துக்கு நீளம்.
“அதுதாம்மா வழி காட்டுற முனை.”

மறுநாள் பைன் காய்க்குச் சுண்ணாம்பு பூசி
பனி என்றார்கள்.
எங்கள் பனி அப்படி இருக்காது.
புல்லோடு ஒட்டிக் கிடந்து
ஏழு மணிக்குள் செருப்பை நனைத்துவிட்டுப் போய்விடும்.
அவர்களுக்கும் அது தெரியும்.

யூகலிப்டஸ் காய் கோத்து ஒரு மாலை,
லூர்துமேரி அக்காவின் ஆட்டுக்கு.
ஆடு மோந்து பார்த்துத் தும்மியது.
பரிசு அதற்குப் பிடிக்கவில்லை என்று
ஏபெல் ஒரு மணி நேரம் அழுதானாம்.

அன்றைக்கு ராத்திரிதான் கேட்டாள்:
“உங்க கடையில மிச்சத் தாள் இருக்குமா?”
சுருக்கம் விழுந்ததை மட்டும் எடுத்துக்கொள் என்றார் முதலாளி.
ஒரு பை நிறையக் கொண்டுவந்தேன்.
வெந்நீர் ஊற்றின டம்ளரின் அடியால்
ஒவ்வொன்றாகத் தேய்த்தார்களாம்.
சட்டைக்குக்கூட நான் அவ்வளவு தேய்ப்பதில்லை.

இருபத்துநாலாம் தேதி
ஷட்டர் இறங்கப் பத்தரை ஆனது.
ஒட்டன்சத்திரம் லோடு முடித்து வந்தவர்
ஸ்வெட்டரோடே தூங்கிப்போயிருந்தார்.
நானும் லைட் போடவில்லை.
போனை எங்கே வைத்தேனோ, விழுந்தேன்.

விடிந்து பால் வைக்கப் போனால்
தீப்பெட்டியைக் காணோம்.
அலமாரியில் எதையுமே காணோம்.
தங்கமும் சிவப்புமாய்ப் பொட்டலங்கள்,
தாள் தீர்ந்த இடத்திலிருந்து தினசரிப் பேப்பர்,
கடைசி வரிசை பழைய கணக்கு நோட்டு.

ஒன்றை ஆட்டினேன், கடகடத்தது.
பிரித்தால் பட்டாணி.
சின்னதாய்ச் சதுரமாய் இருந்தது, சோப்பு.
மூன்றாவதில் கரண்டி,
கரண்டி என்று நன்றாகவே தெரிந்தது,
ஆனாலும் பிரித்துப் பார்த்து
“அடடே, கரண்டி!” என்றேன்.
பின்னால் இரண்டு பேர் வாய் பொத்தி நிற்கும் சத்தம்.

அவர் தன் பிரஷ்ஷைப் பிரித்து
“எனக்கா? எனக்கேவா?” என்று
நுரையில்லாத வாயோடு வாசல்வரை ஓடிக் காட்டினார்.

ஒன்று கனத்தது.
உப்பு ஜாடி.
அதன் ரிப்பன் வால்
என் கை இழுத்த மாதிரியே சுருண்டிருந்தது.
“யாரு சொல்லிக்குடுத்தா?”
“தூங்கும்போது உன் விரல் இப்படித்தாம்மா பண்ணும்,”
காற்றில் இழுத்துக் காட்டினாள்.

அப்போது
மேல் தட்டில் ஒரு பொட்டலம் அடிக்க ஆரம்பித்தது.
தங்கத்தாளுக்குள் நீல வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தது.
இந்நேரத்துக்கு முதலாளிதான்.
‘பாதி நாள் மட்டும், கூட்டம் தாங்கல.’
எடுக்காமலே கேட்டது.

ஏபெல் ஸ்டூலில் ஏறி
இரண்டு கையாலும் அதைப் பொத்தினான்.
“இது சாயங்காலம் பிரிக்கிறது.”

நின்றது.
திரும்ப அடித்தது.
அவன் விரலிடுக்கெல்லாம் வெளிச்சம்.

நான் டீத்தூளைத் தேடிக்கொண்டிருந்தேன்.
இன்னும் பதினேழு பொட்டலம் பாக்கி.