பிரிக்காமல் விட்ட ஆறுகள்

வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா என்று
நீதிபதி கேட்டார்.
இல்லை என்றோம் இருவரும்.
படகு கார்லண்டுக்கு. வீடு எனக்கு, அதன் கடனோடு.
நாய் அவனுக்கு;
அது முதல் நாளிலிருந்தே
அவன் பக்கம் சாய்ந்துதான் உட்காரும்.
ஆறுகளை யாரும் எழுதவில்லை.

இப்போது வெள்ளி இரவு. ஜூன்.
சமையலறை மேசையில் வரைபடம்,
சுருண்டுவிடாமல் ஒரு மூலையில் மிளகுப்பொடி,
மறு மூலையில் ஆறிய காபி.
இரண்டு நாள் விடுமுறை,
மூன்று தண்ணீர்.

தெற்கு ஹோல்ஸ்டன் என்றால்
முதலில் அணைக்குப் போன் செய்ய வேண்டும்.
பதிவான குரல் ஒன்று, யார்மேலும் கோபமில்லாமல்,
நாளை மதியம் ஒரு மணிக்குத் திறப்பு என்கிறது.
முழங்காலில் நிற்கும் ஆறு
மார்புக்கு வர அதிக நேரம் பிடிக்காது.
ஆனால் பதினொரு மணிக்கு
கந்தகநிறப் பூச்சிகள் நீர்த்தோல் கிழித்து எழும்.
பெரிய பழுப்பு ட்ரவுட்கள்கூட
மானம் மறந்து வாய்திறக்கும்.
அங்கே இருப்பான் அவன்,
மதகுக்குக் கீழே அந்த வளைவில்,
தானே கண்டுபிடித்த இடம்போல.
கண்டுபிடித்தது நான்.

வட்டாகாவுக்குப் போகலாம்.
போகும் வழியில் டாலிவர் கடை.
இறகு கட்டிய ஈ ஒன்று இரண்டரை டாலர்,
வம்பு இலவசம்.
"நேற்றுத்தான் வந்தான்" என்பார்,
நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.
அதுவும் போக, அது படகுக்காரர்களின் ஆறு.
படகு யாருக்குப் போயிற்று என்று சொல்லிவிட்டேன்.

மிச்சம் லாரல் ஓடை.
இரண்டு மைல் ஏற்றம். ரோடோடெண்ட்ரான் புதர்
தலைக்கு மேல் கைகோத்து நிற்கும்;
தூண்டிலைப் பின்னால் வீச இடமே இல்லை,
கோலை வில்லாக வளைத்து
நூலை அம்பாக விட வேண்டும்.
"சாண் மீனுக்குக் காத நடையா?"
பதினான்கு வருடம் சிரித்தான்,
ஒருமுறைகூட வந்ததில்லை.
அதனால் லாரல் ஓடை.
வரைபடத்தை மடித்தேன்,
பழைய மடிப்பிலேயே அது மடிந்துகொண்டது.

காலை ஆறரை.
சரளைப் பாதை முடிகிற இடத்தில், ஹெம்லாக் நிழலில்,
அவன் டிரக்.
நாய்த் துண்டு முன்னிருக்கையில்.
இன்ஜின் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

அவன் வீட்டு மேசையிலும் நேற்று
ஒரு வரைபடம் விரிந்திருக்கிறது.
அவளுக்கு ஹோல்ஸ்டன், பதினொரு மணி, அந்த வளைவு,
விட்டுக்கொடுப்போம் என்று
என்னைக் கணக்குப் போட்டிருக்கிறான்.
அல்லது என்னைத் தவிர்த்திருக்கிறான்.
இரண்டுக்கும் ஒரே பாதைதான் போலிருக்கிறது.

திரும்பியிருக்கலாம்.
ஒரு மணிக்குள் ஹோல்ஸ்டனில் நல்ல நேரம் கிடைத்திருக்கும்.
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு பூட்ஸை மாட்டினேன்.

முதலில் வந்தவருக்கு மேலோடை,
இங்கே அது எழுதாத சட்டம்.
நான் மரப்பாலத்துக்குக் கீழே இறங்கினேன்.

ஒன்பது மணி இருக்கும்.
தெளிந்த நீரின் நடுவே
ஒரு கலங்கல் இழை வந்தது.
மேலே யாரோ கல் தவறிக் கால் வைத்திருக்கிறார்கள்.
யாரோ என்ன, வலது முட்டி அவனுக்குச் சரியில்லை.
அந்தக் கலங்கலில் என்ன இரை உருண்டு வந்ததோ,
அதன் ஓரத்திலேயே
என் ஈயைக் கவ்வியது ஒரு மீன்.
சரியாக ஒரு சாண்.
வயிற்றில் ஆரஞ்சு, துடுப்பு விளிம்பில்
சுண்ணாம்பால் இழுத்த கோடு.
நனைந்த கையால் கொக்கியைக் கழற்றினேன்.
போகாமல் சற்று நேரம்
என் பூட்ஸின் நிழலிலேயே நின்றது.

மேலே எங்கோ நாய் ஒருமுறை குரைத்தது.
என் வாசனைக்காக இருக்காது,
காற்று கீழ்நோக்கித்தான் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கே என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.