ஒற்றைக் காதுக்கு

பணகுடி குவாரியில் ஒரு வெடி
சொன்ன நேரத்துக்கு முன்னால் வெடித்ததில்
வலது காது போனது.
அப்புறம் மூன்று இயர்போன் மாற்றிவிட்டேன்.
வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் நூறு ரூபாய்க்கு ஒன்று,
ஜங்ஷனில் பேரம் பேசி ஒன்று,
மருமகன் தந்த, வயரில்லாத மொச்சைக்கொட்டை.
எல்லாவற்றிலும் தவில் கேட்கும்.
நாயனம் கேட்காது.

வண்ணார்பேட்டையில் ஜெபக்கனியின் கடையில்
நாலாவது கேட்டேன். அவள் விற்கவில்லை.
போனை வாங்கி, செட்டிங்ஸுக்குள் எங்கோ இறங்கி,
ஒரு பொத்தானைத் தள்ளினாள்.
"மோனோ, அண்ணாச்சி.
ரெண்டு பக்கமும் ஒரே காதுக்கு வந்துரும்.
காசு வேண்டாம்,
டெம்பர் கிளாஸ் மட்டும் ஒட்டிக்கிடுங்க."

நாங்குநேரி தாண்டி
மகள் கல்யாண வீடியோவை ஓட்டினேன்.
நாயனம் வந்தது.
கூடவே, ஏழு வருசமாய்
வலது பக்கத்திலேயே இருந்த
பாக்கியத்தாயின் குரல், யாரிடமோ:
"இந்த மனுசன் தூங்கி மூணு நாளாச்சு.
கேட்டா ஒண்ணுமில்லங்காரு.
ஒரு வாய் காப்பி குடுங்களேன்."

காப்பி வந்தது ஞாபகம் இருக்கிறது.
அன்றைக்குச் சீனி கூட என்று
குறை சொன்னதும்.

நிறுத்தி, பின்னுக்கு இழுத்து,
இன்னொரு தடவை.

பணகுடியில் கண்டக்டர்
வலது பக்கம் நின்று கூப்பிட்டாராம்.
காவல்கிணற்றில் இறங்கினேன்.